கியூபுக்குத் தனிக் கலவை

மூன்றாம் வருஷ லீவில் முப்பது நாள் இன்டர்ன்ஷிப் போகாதவர்களுக்கு அடுத்த செமஸ்டர் ஹால் டிக்கெட் கிடையாது என்று எங்கள் சிவில் டிபார்ட்மென்ட் தலைவர் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று அதில் ஒரு வரி இல்லை. நேரில் போய்க் கேட்டதற்கு, "உங்க சொந்தக்காரங்க யாராவது கம்பெனி வெச்சிருப்பாங்கல்ல, கேளுங்க" என்றார். பூலாம்பாடியில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற என் சொந்தக்காரர்களில் யார் கம்பெனி வைத்திருக்கிறார் என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் பாதிப் பேர் கவலையே படவில்லை. காசைக் கட்டினால் போகாமலே சர்டிபிகேட் தரும் ஆபீஸ்கள் இருந்தன. நான் யோக்கியம் என்பதால் நிஜமாகப் போனேன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காசை அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அரியலூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் பின்னால் இருந்த தனியார் சோதனைக் கூடத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கட்டட வேலை நடக்கிற இடங்களிலிருந்து கான்கிரீட் கியூப்கள் அங்கே வரும். ஒவ்வொரு பக்கமும் ஆறு அங்குலம், எட்டு கிலோவுக்கு மேல் கனம். தளம் போடுகிற அன்று அதே கலவையில் கொஞ்சம் அள்ளி இரும்பு மோல்டில் கொட்டிக் கியூப் ஆக்குவார்கள். அதைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, ஏழாம் நாள் மூன்றும் இருபத்தெட்டாம் நாள் மூன்றும் எடுத்து மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். எந்த எண்ணில் உடைகிறதோ அதுதான் அந்தக் கட்டடத்தின் பலம். கட்டடத்தை நசுக்கிப் பார்க்க முடியாதே.

கூடத்தின் முதலாளியைச் சார் என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் நாள் என்னையும் என் வகுப்புப் பையன் ஒருவனையும் நிற்க வைத்து, இந்தக் கூடம் தனக்குக் கோயில் மாதிரி என்றார். கோயிலின் தொட்டித் தண்ணீரில் பாசி பிடித்திருந்தது. பையன் புது ஹெல்மெட் கொண்டுவந்திருந்தான். அதை மாட்டிக்கொண்டு மெஷினைத் தொட்டபடி நான்கு போட்டோ எடுத்தான், 'களத்தில் இறங்கியாச்சு' என்று ஸ்டேட்டஸ் வைத்தான், மத்தியானம் சாப்பிடப் போனான். அதற்குப் பிறகு அவனை நான் காலேஜில்தான் பார்த்தேன். அவன் சித்தப்பா கான்ட்ராக்டர்.

என் வேலை மோல்டு கழுவுவது. காய்ந்த சிமெண்டைச் சுரண்டி எடுத்து, உள்பக்கம் கழிவு ஆயில் தடவி, போல்ட் முடுக்கி அடுக்க வேண்டும். அப்புறம் தொட்டியிலிருந்து கியூப் தூக்குவது, துடைப்பது, மெஷினில் ஏற்றுவது, உடைந்த பிறகு கூட்டி அள்ளுவது. காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பிப் பெரம்பலூரில் பஸ் மாறி, சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியை முழுங்கிக்கொண்டு வந்து சேர்ந்து, நான் செய்த இன்ஜினியரிங் இதுதான். எத்தனை சோப்புப் போட்டாலும் ஆயில் வாடை கையை விட்டுப் போகாது. தயிர்சாதத்தை ஸ்பூனால் சாப்பிடக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

சார் செய்த இன்ஜினியரிங் இன்னும் சின்னது. நாற்காலியில் உட்கார்ந்து மெஷினின் எண்ணைப் படிப்பார். கியூப் பக்கம் திரும்பமாட்டார். எண்ணைச் சத்தமாகச் சொல்லுவார், நான் எழுதிக்கொள்வேன், டீ வந்துவிடும். எண் குறைந்தால் முகம் சுருங்கும். அந்தப் பார்ட்டி அடுத்த தடவை வேறு கூடத்துக்குப் போய்விடும் என்ற கவலை. கட்டடத்துக்குள் இருக்கப்போகிறவர்களைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இன்டர்ன்ஷிப்புக்கு முன்னால் எங்கள் காலேஜுக்கு ஒரு பேச்சாளரைக் கூட்டி வந்திருந்தார்கள். கோட் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் வந்தவர். "சின்ன வேலை என்று எதுவும் இல்லை, கிடைத்ததை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று இரண்டு மணி நேரம் பேசினார். மோல்டு சுரண்டும்போதெல்லாம் அந்தக் கோட்டைக் கழற்றி அவர் கையில் ஒரு கம்பியைக் கொடுக்க வேண்டும் போல இருக்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு வித்தை வந்துவிட்டது. கியூபைத் தொட்டியிலிருந்து தூக்கும்போதே எத்தனையில் உடையும் என்று சொல்லிவிடுவேன். கனம், முகத்தின் நிறம், முனை நொறுங்குகிற விதம் எல்லாம் கைக்குப் பழகிவிட்டது. கூட்டி அள்ளுவதால் ஒவ்வொரு கியூபின் வயிற்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே அது தெரிந்த ஒரே ஆள் நான்தான், ஏனென்றால் விளக்குமாறு என் கையில்தான் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்தில் செந்துறைக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாடித் தளம் போட்டார்கள். மோல்டு கொண்டுபோய்க் கொடுக்கச் சார் என்னை ஆட்டோவில் அனுப்பினார். பெரிய ஹால், நடுவில் தூண் கிடையாது, நாற்பதடிக்கு உத்தரம். அடியில் தளத்தைத் தாங்கச் சவுக்குக் கட்டை முட்டுகள் நெருக்கமாக நின்றன. வாசலில் முக்கால் அங்குல ஜல்லி மலையாகக் கொட்டிக் கிடந்தது. மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டு, வாயில் வெற்றிலை. "பாப்பா, இந்த வெயில்ல உன்னயவா அனுப்புனாங்க" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தார். மோல்டை இறக்கிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு அதே ஆட்டோவில் திரும்பிவிட்டேன்.

மறுநாள் ஆறு கியூப் வந்தது. ஏழாம் நாள் மூன்றை எடுத்தேன். தூக்கியதுமே கனம் கையில் தெரிந்தது. முகம் வழவழவென்று இருந்தது, ஒரு ஓட்டை இல்லை. மெஷினில் ஏற்றினேன். சார் எண்ணைச் சொல்லச் சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழு நாளில் வர வேண்டியதைப் போல இரண்டு மடங்கு வந்திருந்தது. மூன்றும் அப்படியே.

சாருக்கு ஏக சந்தோஷம். அன்றைக்கே ரிப்போர்ட் அடித்தார். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் உண்டு: சோதனை செய்தவர், சரிபார்த்தவர். சோதனை செய்கிற டெக்னீஷியன் போன மாதமே நின்றுவிட்டார். "நீதானம்மா டெஸ்ட் பண்ண, நீயே போடு" என்று பேனாவை நீட்டினார்.

போட்டேன். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது, ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கழிவுத் தாளில் நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, எழுத்து சாயாமல், அடியில் ஒரு கோடு இழுத்துப் போட்டேன். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் அதை ஸ்டேட்டஸாக வைத்தார். ஹெல்மெட் பையனை ஏளனமாக நினைத்த எனக்கும் அவனுக்கும் அன்றைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ரிப்போர்ட் மூன்று மணிக்கெல்லாம் மண்டபத்துக்காரர் கைக்குப் போய்விட்டது.

நான்கு மணிக்குக் கூட்டினேன். உடைந்த துண்டைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டேன். உள்ளே பூராவும் பேபி சிப்ஸ். வேர்க்கடலை அளவுப் பொடி ஜல்லி. வாசலில் நான் பார்த்த முக்கால் ஜல்லி ஒன்றுகூட இல்லை. சிமெண்டும் அடர்த்தியாக, கரும்பச்சையாக இருந்தது. மூன்று கியூபையும் கிளறினேன். எல்லாம் ஒன்றே. தளத்துக்குக் கொட்டிய கலவை இது இல்லை. கியூபுக்கென்று யாரோ தனியாக, தாராளமாகச் சிமெண்டு போட்டுப் பிசைந்திருக்கிறார்கள்.

துண்டோடு சாரிடம் போனேன். "சார், உள்ள பூரா பேபி சிப்ஸ் சார். சைட்ல முக்கால் ஜல்லிதான் கெடந்துச்சு. நான் பாத்தேன்."

அவர் துண்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நம்மகிட்ட வந்த கியூப்தாம்மா நமக்குச் சாம்பிள். அது எந்தக் கலவைன்னு நாம கேக்கறதில்ல. ரிப்போர்ட்ல கடைசி வரியப் படிச்சியா?"

படித்தேன். கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும் என்று எறும்பு எழுத்தில் இருந்தது. இத்தனை நாள் அந்த வரியை நான் பார்த்ததே இல்லை.

"கூட்டி அள்ளிட்டியா?" என்றார் சார்.

அன்று இரவு வீட்டில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மண்டபத்துக்காரரிடம் என் கையெழுத்து இருக்கிறது. அதை நம்பி முட்டுகளை எடுத்தால், முழுசாக இறுகாத உத்தரத்துக்கு அடியில் ஆட்கள் நிற்பார்கள். மறுநாள் எனக்கு வயிற்றுவலி என்று சாருக்கு மெசேஜ் போட்டுவிட்டு, உடைந்த துண்டைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு செந்துறை பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரு நினைப்பு. மேஸ்திரி அதிர்ந்துபோவார், என் கையைப் பிடித்துக்கொள்வார், நல்லவேளை வந்தாய் என்பார். இருபது வயதில் எல்லோரும் தன்னைப் பற்றி இப்படித்தான் படம் ஓட்டுவார்கள் போல.

மேஸ்திரி துண்டை வாங்கிப் பார்த்தார். சிரித்தார்.

"நாந்தான் பாப்பா கலக்குனேன். கியூபுக்கு எப்பவும் தனியாத்தான் போடுவோம். ஒரு சட்டி பேபி சிப்ஸ் தனியா எடுத்து வெச்சிருப்போம். பெரிய ஜல்லி போட்டா மூல ஒடஞ்சி அசிங்கமா வரும். கியூப் பெயிலாச்சுன்னா சூப்பர்வைசர் எங்களத்தான் புடிப்பாரு."

"அப்ப தளத்துக்கு?"

"தளத்துக்கு நீ பாத்ததுதான். அது மோசமில்ல. ஆனா ஏழு நாள்ல எந்த தளமும் நிக்காது. நாப்பதடி உத்தரம். இருவத்தொரு நாளு முட்டு நிக்கணும்." சொல்லிக்கொண்டே வந்தவர் சிரிப்பை நிறுத்தினார். "ரிப்போர்ட்டு உன்கிட்டேர்ந்துதான் வந்துச்சா? இன்ஜினியரம்மா கையெழுத்துப் போட்டுருக்குன்னாரு மண்டபத்துக்காரரு. நீதானா அது?"

ஆமாம் என்றேன்.

அவர் தலைத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு முட்டுகளைப் பார்த்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். மண்டபத்துக்காரர் முதல் முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாண வீட்டாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அடியில் பூச்சு வேலை, தரை வேலை எல்லாம் நிற்கிறது, அதனால் சனிக்கிழமையே முட்டைப் பிரி என்கிறார். சனிக்கிழமையோடு தளம் போட்டுப் பத்து நாள்தான் ஆகும். மேஸ்திரி ஒரு வாரமாக ஒரே பதிலைச் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தார்: ரிப்போர்ட் வரட்டுங்க, ரிப்போர்ட் இல்லாம பிரிக்க மாட்டேன். மேஸ்திரி சொல்வதை யாரும் கேட்கமாட்டார்கள், காகிதம் சொன்னால் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நேற்று மத்தியானம் காகிதம் வந்துவிட்டது. இரண்டு மடங்கு பலம், அடியில் கோடு இழுத்த கையெழுத்தோடு.

"நடு முட்ட உருவறது என் தம்பிதான்" என்றார். "எப்பவும் அவன்தான் உள்ள போவான்."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "அப்புறம் எதுக்குங்க தனியாக் கலக்குனீங்க? தளத்துக் கலவையிலயே போட்டிருந்தா ரிப்போர்ட்டு இப்படியா வந்திருக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். கியூபையும் ரிப்போர்ட்டையும் அதுவரை அவர் சேர்த்து யோசித்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. "எப்பவும் அப்படித்தான் பாப்பா போடுறது" என்றார்.

முப்பது வருஷம் தளம் போட்ட மனுஷன், தன் தம்பியைக் காப்பாற்ற இருந்த ஒரே காகிதத்தைத் தன் கையாலேயே சட்டியில் பிசைந்து கெடுத்திருக்கிறார். அவரை முட்டாள் என்று நினைத்தேன். சாரை அயோக்கியன் என்று நினைத்தேன். பாசிங் மார்க் வாங்குவதற்காகக் கேள்வித்தாளுக்குத் தனியாக ஐந்து பதில் மனப்பாடம் செய்துகொண்டு, மற்றதைத் தொடாமலே மூன்று வருஷம் தேறிய நான் அந்தக் கியூபின் அக்கா என்பது மட்டும் அன்றைக்குத் தோன்றவில்லை.

"நீ ஒரு சீட்டு எழுதிக் குடு" என்றார் மேஸ்திரி. "பிரிக்கக் கூடாதுன்னு. அதே கையெழுத்தப் போடு. அவரு கையெழுத்தத்தான் பாப்பாரு."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். சிமெண்டு மூட்டை மேல் வைத்து எழுதினேன். கியூப், தளத்துக் கலவையில் போட்டது அல்ல. இருபத்தொரு நாள் முடியும் முன் ஒரு முட்டுகூட எடுக்கக் கூடாது. படித்துக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"மொத வரிய அடிச்சிடு பாப்பா. எங்க பொழப்பு போயிடும்."

அடித்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே நேர்மையான ரிப்போர்ட்டிலும் பாதியை அடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு, அவர் கேட்டதற்காக அடியில் போன் நம்பரும் எழுதினேன். அதை அவர் நான்காக மடித்து, வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மண்டபத்துக்காரர் ஆடித் தீர்த்துவிட்டாராம். ஆனால் இரண்டு காகிதத்திலும் ஒரே கையெழுத்து. ஒன்று வேண்டும், ஒன்று வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. முகூர்த்தத்தை வேறு மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். இருபத்தொன்றாம் நாள் முட்டுகளைப் பிரித்தார்கள், தம்பி உள்ளே போனான், வந்தான். தளம் இன்றும் நிற்கிறது. முன்னாலேயே பிரித்திருந்தாலும் நின்றிருக்குமோ என்னவோ, அது யாருக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை சார் என்னை உட்காரச் சொல்லவில்லை. மண்டபத்துக்காரர் போன் போட்டுச் சீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். "உன் கையெழுத்துக்கு என்னம்மா மதிப்பு? நீ யாரு? மோல்டு கழுவ வந்தவ" என்றார். அந்த மதிப்பில்லாத கையெழுத்தைக் கேட்டு வாங்கியவர் அவர்தான். இருபத்திரண்டு நாளோடு என் இன்டர்ன்ஷிப் முடிந்தது. சர்டிபிகேட் கிடையாது.

பிறகு நடந்ததுதான் அசிங்கம். ஹெல்மெட் பையனிடம் போய் நின்றேன். அவன் சித்தப்பா லெட்டர்பேடில் எனக்கும் ஒன்று அடித்துக் கொடுத்தார். முப்பது நாள், மிகச் சிறப்பான பங்களிப்பு. இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டைச் சீனியர் அக்காவிடம் வாங்கி, பெயரை மட்டும் மாற்றி ஸ்பைரல் போட்டேன். வைவாவுக்கு வந்தவர் அதைத் திறக்கவில்லை. "கியூப் சைஸ் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "வெரிகுட், நெக்ஸ்ட்" என்றார்.

இப்போது நான் பெரம்பலூரில் ஒரு சோதனைக் கூடத்தில் இருக்கிறேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவது நான்தான். ரப்பர் ஸ்டாம்ப் உண்டு. காலேஜ்களிலிருந்து இன்டர்ன் வருகிறார்கள், மோல்டு கழுவுகிறார்கள், கூட்டி அள்ளுகிறார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணைப் பார்க்கிறேன். கியூபை உடைத்து உள்ளே பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போன மாதம் ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. குரலைக் கேட்டதும் வெற்றிலை ஞாபகம் வந்துவிட்டது.

"பாப்பா, நான் செந்துறை மேஸ்திரி பேசறேன். சீட்டுல நம்பரு இருந்துச்சு. இப்ப இங்க பெரம்பலூர்லதான் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம் பாக்கறேன். அதேதான் பாப்பா. பிரி பிரின்னு நிக்கறாங்க. அந்த மாதிரி ஒரு சீட்டு எழுதித் தருவியா?"

கட்டடத்தின் பெயரைக் கேட்டேன். சொன்னார். மேஜையிலிருந்த ஃபைலைத் திறந்தேன். அதன் ரிப்போர்ட் காலையில்தான் போயிருந்தது. எண் நன்றாக இருந்தது, மிக நன்றாக. கீழே என் கையெழுத்து, அடியில் கோடு.

"கியூப் யாருண்ணே போட்டது?"

"நாங்கதான்."

"தனியாவா?"

"எப்பவும் போடுற மாதிரிதான்" என்றார்.

அன்றைக்குச் சிமெண்டு மூட்டை மேல் வைத்து எழுத எனக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. அப்போது இழக்க ஒன்றும் இல்லை. இப்போது ஸ்டாம்ப் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, அந்த ஆஸ்பத்திரிக்காரர் எங்களுக்குப் பெரிய பார்ட்டி. "அது நம்ம ரிப்போர்ட்தாண்ணே. போயிடுச்சு. கொடுத்த சாம்பிளுக்குத்தான் நாங்க சொல்ல முடியும்" என்றேன். என் வாயிலிருந்து அரியலூர்ச் சார் பேசுவது எனக்கே கேட்டது.

நடு முட்டுகளை யார் உருவுவார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.